எந்தத் தண்ணி என்று கேட்ட மெக்கானிக்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் எங்களுக்கு ஒரு லாஞ்சு நிற்கிறது. வீட்டுக்காரர் போனபிறகு ஆறு வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கடலுக்குப் போவது டிரைவரும் ஏழு பேரும். டீசல், ஐஸ், இன்ஜின், கடன் எல்லாம் என் தலையில்.

நான் சொல்ல வந்தது ஜீவரத்தினம் நகர் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் மெக்கானிக் ஷெட்டைப் பற்றி. போர்டு கிடையாது. நீலத் தார்ப்பாய், வாசலில் கழற்றிப்போட்ட கியர் பாக்ஸ், அதன்மேல் ஒரு பூனை. பேரைப் போடாதீங்க, கூட்டம் வந்தால் என்னால் முடியாது என்று அவரே சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்தச் சமயத்தில்தான் எல்லோரும் லாஞ்சை ஏற்றி பெயின்ட் அடிப்பது, இன்ஜின் வேலை பார்ப்பது. நாங்களும் எல்லாம் முடித்து, லாஞ்சைத் தண்ணீரில் இறக்கி, ஜூன் 8-ஆம் தேதி இன்ஜினை இருபது நிமிஷம் ஓட்டிப் பார்த்தோம். அணைத்துவிட்டு ஆயில் பார்க்கிற கம்பியை உருவிய டிரைவர் பேசாமல் என்னிடம் நீட்டினான். மேல் கோட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை ஆயில் நின்றது. நிறம், பால் தூக்கலாகப் போட்ட டீ.

முதலில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஆள் வந்தார். கம்பியைப் பார்த்தார், ஆயில் மூடியைத் திறந்து பார்த்தார், “பிளாக் விரிசல் விட்டிருக்கும், இன்ஜினைத் தூக்கணும்” என்றார். 1,80,000 ரூபாய், இருபது நாள். தடை முடிந்ததும் நாள்கணக்கில் கடலில் தங்கி மீன் பிடிக்கும் முதல் தங்கலைத் தவறவிட்டால் லாஞ்சு வைத்திருக்கிறவளுக்கு என்ன ஆகும் என்று காசிமேட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பக்கத்து லாஞ்சு ஓனர் சொல்லித்தான் இந்த ஷெட்டுக்குப் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “அதுக்கப்புறம் ஸ்டார்ட்டர் அடிச்சீங்களாம்மா?” இல்லை என்றதும்தான் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் பிஸ்டனால் அதை நசுக்க முடியாதாம். ஸ்டார்ட்டரை அழுத்தினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அடுத்த கேள்வி, “ஆயிலை வடிச்சுட்டீங்களா?” வடிக்கவில்லை. “நல்ல வேளை” என்று டீ சொன்னார்.

சாயங்காலம் லாஞ்சுக்கு வந்து ஆறு இன்ஜெக்டரையும் கழற்றி, ஃப்ளைவீலைக் கம்பியால் கையாலேயே சுற்ற வைத்தார். எந்த ஓட்டையிலிருந்தும் தண்ணீர் பீறிடவில்லை. எக்ஸாஸ்ட் வழியாகக் கடல் உள்ளே வந்திருந்தால் இங்கே தெரிந்திருக்குமாம். அதோடு நிறுத்திவிட்டு, ராத்திரி முழுக்க இன்ஜினை யாரும் தொடக் கூடாது என்று போய்விட்டார். எனக்கு எரிச்சல்தான். நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன், இவர் தூங்கப் போகிறார்!

காலையில் புரிந்தது. தண்ணீர் ஆயிலைவிடக் கனம், அடியில் இறங்கிவிடும். இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பின் நட்டைக் கொஞ்சமாகத் தளர்த்தினார். முதலில் வந்தது கலங்கல் தண்ணீர். ஒரு சின்னக் கண்ணாடிச் சீசாவில் பிடித்தார். இன்ஜினின் நல்ல தண்ணீர் டேங்கிலிருந்து இன்னொரு சீசா, துறைமுகத்துத் தண்ணீர் மூன்றாவது. பாரிமுனை கெமிக்கல் கடையில் வாங்கிய சில்வர் நைட்ரேட்டைப் பழுப்புப் பாட்டிலில் கரைத்து வைத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு. உப்புத் தண்ணீராக இருந்தால் வெள்ளையாகத் திரியுமாம். டேங்கு தண்ணீர் லேசாக மங்கியது. துறைமுகத் தண்ணீர் தயிர் திரிந்த மாதிரி வெள்ளையாகக் கட்டியது. சம்ப் தண்ணீரும் அதே தயிர்தான். அவர் விரல் நுனி கறுப்பு கிரீஸ் என்று நினைத்திருந்தேன், இந்த மருந்துக் கறையாம்.

“நாக்குல வச்சா உப்பு தெரியாதா?” என்று டிரைவர் கேட்டான். “டேங்குத் தண்ணியில கலக்கிற கூலன்ட் விஷம்டா” என்றார்.

எங்கள் இன்ஜினில் பிளாக், ஹெட் இரண்டையும் சுற்றி ஓடுவது டேங்கின் நல்ல தண்ணீர். கடல் தண்ணீர் தனி வழி. அதனால் பிளாக் விரிசலோ ஹெட் கேஸ்கட்டோ போயிருந்தால் சம்ப்பில் வந்திருக்க வேண்டியது நல்ல தண்ணீர், டேங்கிலும் குறைந்திருக்கும். குறையவில்லை. கடல் தண்ணீர் ஓடும் வழியில் மீதி இருந்தது இரண்டு சந்தேகம்: ஆயில் கூலர், கடல் தண்ணீர் பம்ப்.

கூலரைக் கழற்றி, வாயை அடைத்து, காற்று ஏற்றி டிரம் தண்ணீரில் முக்கினார். ஒரு குமிழி இல்லை. பம்ப்பைக் கையில் எடுத்ததும் சிரித்தார். பம்ப் நேராக இன்ஜினுக்குள் ஆயிலில் சுற்றும் டைமிங் கியரில் மாட்டியிருக்கிறது. உள்ளே இரண்டு சீல், ஒன்று தண்ணீரைத் தடுக்க, ஒன்று ஆயிலை. நடுவில் அடிப்பக்கம் ஒரு சின்ன ஓட்டை. தண்ணீர் சீல் தேய்ந்தால் அந்த ஓட்டையில் வெளியே சொட்டி நமக்குத் தெரியப்படுத்தும். எங்கள் ஓட்டையில் பச்சை பெயின்ட்!

டிரைவர் தலை தொங்கிவிட்டது. மார்ச்சிலிருந்தே அங்கே சொட்டிக்கொண்டிருந்ததாம். பெயின்ட் அடித்ததும் நின்றுவிட்டது, சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டானாம். வெளியே போக வழியில்லாத தண்ணீர் அடுத்த சீலையும் தள்ளிக்கொண்டு ஆயிலுக்குள் போயிருக்கிறது.

சீல், பேரிங், இம்பெல்லர், ஷாஃப்டுக்கு லேத் வேலை சேர்த்து 7,200. கூலி 4,500. ஆயிலும் ஃபில்டரும் மூன்று தடவை மாற்றி, சூடாக ஓட்டி ஓட்டிக் கழுவினார். தடவைக்கு 16 லிட்டர், அந்தச் செலவுதான் வலித்தது. எல்லாம் சேர்த்து 30,000-க்குள் முடிந்தது. 14-ஆம் தேதி ராத்திரி எல்லோரோடும் கிளம்பினோம்.

குறை இல்லாமல் இல்லை. பில் தரமாட்டார், சிகரெட் அட்டையில் எழுதித் தருவார். ஒரு நாள் தாமதம் செய்தார், போனை எடுக்கவே இல்லை. டிரைவரைப் பசங்க முன்னால் திட்டியது எனக்குப் பிடிக்கவில்லை. அவுட்போர்டு இன்ஜின் தொடமாட்டார், ஃபைபர் போட்டுக்காரர்கள் வேறு இடம் பார்க்கவும். போகிறவர்கள் ஆயிலை வடிக்காமல் போங்கள், டேங்கில் தண்ணீர் எவ்வளவு குறைந்தது என்று அளந்து வைத்துக்கொண்டு போங்கள். ஒன்றரையிலிருந்து மூன்று வரை ஷெட் பூட்டியிருக்கும், பூனை மட்டும்தான் இருக்கும்.