ஹைமே ஹெர்னாண்டஸ்ல எது பெஸ்ட்? பல வருஷமா திரும்பத் திரும்பப் படிச்ச அனுபவம்

லவ் அண்ட் ராக்கெட்ஸ்ங்கிற அமெரிக்க காமிக்ஸ் தொடர படிக்கிறவங்க ரெண்டு பேர் சேர்ந்துட்டா பேச்சு எங்க ஆரம்பிச்சாலும் கடைசில இதுல தான் வந்து நிக்கும், ஹைமேவோட பெஸ்ட் எது? பாதிப் பேர் தி டெத் ஆஃப் ஸ்பீடின்னு சொல்வாங்க, கொஞ்சம் பேர் விக்வாம் பாம், மிச்சம் பேர் தி லவ் பங்க்ளர்ஸ். என் ஓட்டு லவ் பங்க்ளர்ஸுக்குத் தான், ஆனா தனியா இல்ல, பிரவுன்டவுனோட சேர்த்து. ஏன்னு சொல்றேன். கதையோட முக்கியமான இடங்களையும் சொல்லப் போறேன், இன்னும் படிக்காதவங்க நடுவுல கொஞ்சம் தாண்டிப் போயிடுங்க.

புதுசா வர்றவங்களுக்கு மட்டும் சுருக்கமா. கலிஃபோர்னியால ஆக்ஸ்னார்ட்னு ஒரு ஊரு, அங்க மெக்ஸிகன் வம்சாவளிக் குடும்பத்துல பொறந்த அண்ணன் தம்பிங்க மாரியோ, கில்பர்ட், ஹைமே. 1981ல கைக்காசு போட்டு ஒரு இதழ் அடிச்சாங்க, 1982ல ஃபான்டாகிராஃபிக்ஸ்ங்கிற பதிப்பகம் எடுத்துப் போட ஆரம்பிச்சது, இன்னிக்கும் அவங்க தான் போடுறாங்க. கில்பர்ட் பலோமார்னு ஒரு கிராமத்தோட கதைய எழுதினாரு, ஹைமே மேகி, ஹோப்பின்னு ரெண்டு பொண்ணுங்களோட கதைய எழுதினாரு, அதுவும் ஹாப்பர்ஸ்ங்கிற ஒரு ஏரியால பங்க் ராக் கேட்டுட்டுத் திரியிற பொண்ணுங்க. இதுல பெரிய விஷயம் என்னன்னா இவங்களுக்கு வயசாகும். ஆர்ச்சி, வெரோனிகா எல்லாம் நாம லெண்டிங் லைப்ரரில எடுத்துப் படிச்சப்போ இருந்த அதே ஸ்கூல் பசங்களா தான் இன்னமும் இருக்காங்க, ஆனா மேகிக்கு உடம்பு போடும், வேலை போகும், கல்யாணம் ஆகி டைவர்ஸும் ஆகும், நாற்பத தாண்டுவா. ஆர்ச்சி காமிக்ஸ வரைஞ்ச டான் டிகார்லோவோட கோடு ஹைமே கைல நல்லாவே தெரியும், அந்தச் சுத்தமான கோட்டுல தான் இவ்ளோ கனமான வாழ்க்கைய சொல்றாரு.

சரி, ஸ்பீடி. 1987 வாக்குல வந்த கதை. ஏரியாப் பசங்களுக்குள்ள சண்டை, நடுவுல ஸ்பீடி ஒர்டீஸ், அவன் மேல மேகிக்கு ரொம்ப நாளா ஒரு இது. ஸ்பீடி சாகுறத ஹைமே வரையவே இல்ல. என்ன நடந்துச்சுன்னு நாம தான் கூட்டிக் கழிச்சுப் பாத்துக்கணும், கடைசில கதை அப்படியே பின்னாடி போயி எல்லாரும் சின்னப் பசங்களா ஒண்ணா சுத்திட்டு இருந்த நாள்ல போய் முடியும். என் ஃப்ரெண்டு ஒருத்தன் இருக்கான், "மச்சி, இதுக்கு மேல ஒருத்தனால காமிக்ஸ்ல என்னடா பண்ண முடியும்"னு இன்னமும் கேப்பான். அவன் சொல்றதுல நியாயம் இருக்கு. யாராச்சும் ஒரே ஒரு ஹைமே கதை குடுன்னு கேட்டா நானும் இதத் தான் குடுப்பேன், முன்கதை பெருசா தெரியலன்னாலும் மனசப் புடிச்சுக்கும்.

விக்வாம் பாம் வேற மாதிரி. அதுல மேகி கொஞ்ச நேரத்துல காணாமப் போயிடுறா, தொடரோட நாயகியே இல்லாம கதை பாட்டுக்கு ஓடும், எல்லாரும் அவளப் பத்தியே பேசிட்டு இருப்பாங்க. ஹோப்பி இன்னொரு பக்கம் ஈஸ்ட் கோஸ்ட்ல யார் யார் வீட்லயோ ஒட்டிட்டு இருப்பா, அவ மூஞ்சி பால் பாக்கெட்ல காணவில்லைன்னு வந்திருக்கும். மொதல் தடவ படிக்கிறப்போ பேரு, முகம், உறவு எல்லாம் குழம்பும், அதுக்கு பயந்து விட்றாதீங்க. நான் எல்லாத்த விடவும் அதிகமா திரும்பப் படிச்சது இத தான், ஒவ்வொரு தடவையும் எங்கயாச்சும் ஓரத்துல நிக்கிற ஒரு ஆளு யாருன்னு புதுசா பிடிபடும்.

இப்ப என் சாய்ஸ். பிரவுன்டவுன் 2010ல, லவ் அண்ட் ராக்கெட்ஸோட நியூ ஸ்டோரீஸ் வரிசைல மூணாவது இதழ்ல வந்துச்சு, லவ் பங்க்ளர்ஸ் அதே இதழ்ல ஆரம்பிச்சு 2011ல நாலாவதுல முடிஞ்சுது. 2014ல தனிப் புத்தகமாவும் வந்துச்சு. பிரவுன்டவுன்ல மேகி சின்னப் பொண்ணு, அப்பா வேலைக்காக குடும்பம் வேற ஊருக்குப் போகுது, அங்க அப்பாவுக்கு இன்னொரு பொம்பளையோட தொடர்பு, வீடு உடையுது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அவ தம்பி கேல்வின், அவன ஒரு பெரிய பையன் நாசம் பண்ணிட்டு இருக்கான், வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது. ஹைமே இத கத்திச் சொல்லல, படம் போட்டும் காட்டல, பையன் முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமா இறுகிப் போறத வரையிறாரு. அவன் என்னத்த சுமந்துட்டு இருந்தான்னு மேகிக்கு கடைசி வரைக்கும் தெரியவே தெரியாது. படிக்கிற நமக்கு மட்டும் தான் தெரியும், அத யாருகிட்ட போய் சொல்றது?

இதுக்கு அப்புறம் லவ் பங்க்ளர்ஸ்ல, மேகி இருக்கிற இடத்துக்கு வெளிய வீடு வாசல் இல்லாம சுத்துற ஆளு யாருன்னு புரியிற நிமிஷம் இருக்கே, வயித்தக் கலக்கிடும். அக்காவக் காப்பாத்தறதா நினைச்சுட்டு அவன் செங்கல்ல அடிக்கிறது ரே டோமிங்கஸ, மேகிய வாலிப வயசுல இருந்து விட்டும் விடாமலும் நேசிச்ச அதே ரேய.

அதுக்கப்புறம் வர்ற அந்த ரெண்டு பக்கம். எதிரெதிர்ப் பக்கம், ஒரு பக்கம் முழுக்க மேகி, இன்னொரு பக்கம் முழுக்க ரே, கட்டம் கட்டமா, ரெண்டு பேரும் சின்ன வயசுல ஆரம்பிச்சு இப்ப வரைக்கும். இந்தப் பக்கக் கட்டமும் அந்தப் பக்கக் கட்டமும் கண்ணாடி மாதிரி ஒண்ண ஒண்ணு பாத்துட்டு இருக்கும். முப்பது வருஷமா வரைஞ்சதுல இருந்து அந்தந்த முடிவெட்டு, அந்தந்த சட்டை, அந்தந்த உடம்பு எல்லாம் வரும். இது முன்கதை தெரியாம படிச்சா நல்ல லேஅவுட், அவ்ளோ தான். எல்லாத்தையும் படிச்சுட்டு வந்தவங்களுக்கு அந்த ஒவ்வொரு கட்டமும் தாங்கள் கூட இருந்து பாத்த ஒரு நாள். நான் மேகியோட பக்கத்த மட்டும் தனியா மேல இருந்து கீழ படிச்சிருக்கேன், ரே பக்கத்த தனியா படிச்சிருக்கேன், ஜோடி ஜோடியா குறுக்காவும் படிச்சிருக்கேன், மூணும் மூணு கதை. ஸ்பீடி மாதிரி ஒரு கதைய மகா திறமைசாலி ஒருத்தர் சில வருஷத்துல எழுதிடலாம். இத எழுதறதுக்கு முப்பது வருஷம் அதே ரெண்டு பேரோட குந்தியிருந்தா தான் முடியும், அதனால தான் என் ஓட்டு இதுக்கு.

ஃப்ளைஸ் ஆன் த சீலிங் பத்தியும் கேப்பாங்க. சின்னக் கதை, மேகியோட சிநேகிதி இஸ்ஸி மெக்ஸிகோல பேயோட மல்லுக்கட்டுறது. பயங்கரமான கதை, கறுப்பு மைய வெச்சு என்னென்ன பண்ணலாம்னு அதுல பாக்கலாம், ஆனா இஸ்ஸி யாருன்னு தெரிஞ்சுட்டு வாங்க.

வாங்கறவங்களுக்கு: 2007ல இருந்து வர ஆரம்பிச்ச பேப்பர்பேக் வரிசை தான் கைக்கு அடக்கம். எத்தன தடவ விரிச்சும் என் காப்பில பக்கம் கழண்டு வரல, கறுப்பு கறுப்பாவே இருக்கு. பழைய மேகசின் சைஸ விட சின்னது, அதனால எழுத்தும் பொடிசு, நல்ல லைட்டு வேணும். 2004ல வந்த லோகாஸ் கெட்டி அட்டைத் தொகுப்பு எழுநூறு பக்கத்துக்கும் மேல, மேஜைல வெச்சுப் படிக்கிற புத்தகம், படுத்துட்டு எல்லாம் முடியாது. மொதல்ல ரெண்டாவது வால்யூம் தி கேர்ள் ஃப்ரம் ஹாப்பர்ஸ் வாங்குங்க, ஸ்பீடி அதுல தான் இருக்கு. மொதல் வால்யூம் மேகி த மெக்கானிக்ல டைனோசர், ராக்கெட்னு வசனம் மண்டிக் கெடக்கும், பாசம் வந்தப்புறம் அத படிச்சா அதுவும் இனிக்கும்.

2019ல வந்த இஸ் திஸ் ஹவ் யூ ஸீ மீ மட்டும் கடைசியா வெச்சுக்குங்க. வீட்டுக்காரங்கள விட்டுட்டு மேகியும் ஹோப்பியும் பழைய பங்க் கூட்டத்தப் பாக்க ஹாப்பர்ஸ் போவாங்க, நடு நடுல 1979 வந்து போகும். லவ் பங்க்ளர்ஸ் அளவுக்கு அது என்ன அடிச்சுப் போடல, ஆனா நடுத்தர வயசுல பழைய சிநேகிதியோட ஒரே ரூம்ல தங்குற சங்கடத்த அவ்ளோ துல்லியமா வேற எந்த காமிக்ஸ்லயும் நான் பாக்கல.