வீடு முழுக்க ஒரே ஏர்கோன்: சுங்கை சிப்புட்டில் டக்ட் வரைந்து கொடுத்தவர்

எங்கள் டவுனில் வீட்டுக்கு சென்ட்ரல் ஏர்கோன் என்று வாயைத் திறந்தாலே முதல் கேள்வி "எத்தனை எச்பி அண்ணே?" என்பதுதான், அதாவது மெஷின் எவ்வளவு பெரியது என்று. வெளியூரிலிருந்து வந்த ஒரு கம்பெனிக்காரர் ஹாலில் நின்றபடியே சிலிங்கைப் பார்த்து ஐந்து எச்பி என்று சொல்லி விலையையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார், அறைகளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதனால்தான் டக்ட், அதாவது குளிர்ந்த காற்றை அறைகளுக்குக் கொண்டுபோகும் குழாய், அதன் வரைபடத்தை மட்டும் தனியாகப் போட்டுத் தரும் ஆளைத் தேடினோம். கிடைத்தவர் பெரிய கட்டடங்களில் ஏர்கோன் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், பெயர் போடவேண்டாம் என்றார். கூலி 600 வெள்ளி. வரைபடத்துக்கு இவ்வளவா என்று வீட்டில் முணுமுணுப்பு வந்தது உண்மைதான்.

மனுஷன் எச்பி பற்றிப் பேசவே இல்லை. எந்த ஜன்னல் மேற்கே பார்க்கிறது, கூரைக்கு அடியில் இன்சுலேஷன் இருக்கிறதா, ராத்திரி எத்தனை பேர் எந்த அறையில் படுப்பீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். கூரைக்கு இன்சுலேஷன் போட்டால் நாலு எச்பியே போதும் என்பது அவர் கணக்கு. மெஷின் தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால் சீக்கிரம் குளிர்ந்து நின்றுவிடும், காற்றிலுள்ள ஈரத்தை இழுக்க நேரமே இருக்காது, அப்புறம் குளிரும் அடிக்கும் உடம்பும் பிசுபிசுக்கும். மணிக்கு 12,000 பிடியூ (குளிரூட்டும் திறனின் அளவு) மெஷினுக்கு நிமிடத்துக்கு 400 கன அடி காற்று என்பது பொதுக் கணக்காம், நம்மூர் ஈரத்துக்கு 350 பக்கம் வைத்து ஒவ்வோர் அறைக்கும் பிரித்தார்.

டக்டைக் கூரைக்குள் ஓட்டாமல் நடைவழி சிலிங்கைக் கொஞ்சம் இறக்கி அதற்குள்ளேயே கொண்டுபோனதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மத்தியானத்தில் ஓட்டுக்கு அடியில் ஏறிப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும், அந்த அடுப்புக்குள் குளிர்ந்த காற்றை ஓடவிட்டு டிஎன்பி கரண்ட் பில்லைக் கட்டுவானேன்?

அடுத்தது ரிட்டர்ன். காற்றை அறைக்குள் தள்ளினால் மட்டும் போதாது, அது மெஷினுக்குத் திரும்பி வர வழி வேண்டும். கதவைச் சாத்தினால் அறைக்குள் காற்று அடைபட்டு, குளிர்ந்த காற்று வரத்து குறைந்துவிடும். இதை அவர் வாயால் விளக்கவில்லை. வேலை முடிந்த பிறகு அறைக்கதவைச் சாத்தி, காற்று நடைவழிக்குத் திரும்பிப் போக மேலே வைத்த கிரில்லை (கம்பியடித்த திறப்பு) ஓர் அட்டையால் மூடி, கதவடியில் ஊதுவத்தியைப் பிடித்தார், புகை நடைவழிப் பக்கம் பிய்த்துக்கொண்டு போனது. அட்டையை எடுத்ததும் புகை ஆடி அசைந்து நேராக எழும்பியது. அவ்வளவுதான், வீட்டிலும் முணுமுணுப்பு நின்றது.

ரிட்டர்ன் கிரில்லை நாங்கள் ஹாலில் சாமி அறைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னோம், பார்வைக்கு மறைவாக இருக்குமே என்று. ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் படுக்கையறை வரைக்கும் மணக்குமாம். சமையலறை, குளியலறையிலிருந்தும் ரிட்டர்ன் எடுக்கவே கூடாது என்றார். பெலாச்சான் (இறால் விழுது) வறுக்கிற வீட்டில் இதைத் தனியாகச் சொல்லவா வேண்டும்.

வரைபடத்திலேயே மற்றதும் இருந்தது: ஒவ்வொரு கிளைக்கும் டேம்பர் (காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகடு), அதுவும் சத்தம் வராமலிருக்க கிரில்லை விட்டு விலகி மெயின் டக்டை ஒட்டி. பிளெக்சிபல் டக்ட் (வளையும் குழாய்) தொய்யாமல் இழுத்துக் கட்டவேண்டும், அகலமான பட்டியில் தொங்கவேண்டும், ஒல்லிக் கம்பி இன்சுலேஷனை நசுக்கினால் அந்த இடத்தில் வேர்த்துச் சொட்டும். மூட்டுகளுக்குத் துணி டேப் கூடாது, மாஸ்டிக் (இடைவெளி அடைக்கும் பசை) பூசவேண்டும். தண்ணீர்க் குழாய்க்குச் சரிவு, மெஷினுக்கு அடியில் இன்னொரு தட்டு.

குறை இல்லாமலில்லை. மெஷினைக் குளியலறை சிலிங்குக்கு மேலே வைத்தார், சத்தம் குறைவுதான், ஆனால் கழுவ வருகிறவர் ஏணியோடு குனிந்து நெளிந்து ஏறவேண்டியிருக்கிறது, திறப்பை இன்னும் அகலமாக வரைந்திருக்கலாம். கடைசி அறையிலும் காற்று கொஞ்சம் மந்தம், டேம்பரைத் திருகித் திருகித்தான் ஓரளவு சரியானது. படம் கையால் வரைந்தது வேறு, எங்கள் குத்தகையாளருக்கு அவர் கையெழுத்து புரியாமல் பாதி நேரம் போனிலேயே போனது.

இரண்டு அறைக்கு மட்டும் ஏர்கோன் வேண்டும் என்பவர்கள் அறைக்கு ஒன்றாகச் சுவரில் மாட்டும் ஸ்பிலிட் வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள், இதெல்லாம் வீண் செலவு. வீடு இன்னும் கட்டி முடியாமல், சிலிங் போடாமல் இருந்தால் மட்டும் இவரைக் கூப்பிடுங்கள். வாட்ஸ்அப் பார்க்கமாட்டார், சாயங்காலம் போன் அடிக்கவேண்டும்.