மூன்று செடிகள், ஒரு நோய்: நித்தியகல்யாணியும் மஞ்சளும் முள்சீத்தாவும்

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால் போதும், ஆலோசனைக்குப் பஞ்சமே இருக்காது. "கீமோ எல்லாம் விஷம், உடம்பையே உருக்கிடும். நம்ம மூலிகையில இல்லாததா?" என்பார் ஒரு சித்தப்பா. வாட்ஸ்அப்பில் முள்சீத்தா இலைக் கஷாயத்தின் செய்முறை வந்து விழும். பார்க்க வரும் அத்தை ஆப்பிளோடு மஞ்சள் கேப்ஸ்யூல் டப்பாவையும் கொண்டுவருவார். எல்லாம் பிரியத்தில் செய்வதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் 'மூலிகையா, கீமோவா' என்ற கேள்வியே கோணல். கீமோ வார்டில் ஏறிக்கொண்டிருக்கும் மருந்துகளில் பல செடியிலிருந்தும் மரத்திலிருந்தும் வந்தவை. அதனால் செடியைச் செடியோடுதான் ஒப்பிட வேண்டும். நம் ஊரில் அதிகம் பேசப்படும் மூன்றை எடுத்துக்கொள்வோம்.

நித்தியகல்யாணி

சுடுகாட்டுப்பூ என்று சொல்லி வாசலில் வைக்கத் தயங்குகிறவர்கள் இன்றும் உண்டு. பட்டிப்பூ என்றும் பெயர். பூர்வீகம் மடகாஸ்கர். ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்து வறண்ட நிலங்களில் பயிராக வைத்து, இலையையும் வேரையும் காயவைத்து ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். ஆடு மாடு வாய் வைக்காது என்பதால் வேலி போடும் செலவும் இல்லை. ஆடு வாய் வைக்காததன் காரணம்தான் நமக்கு இங்கே விஷயம்.

ஜமைக்காவில் இதன் இலையைச் சர்க்கரை நோய்க்குத் தேநீராகப் போட்டுக் குடிப்பது வழக்கம். 1952-இல் அங்கிருந்து கொஞ்சம் இலை கனடாவுக்கு அனுப்பப்பட்டு, வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் இருந்த ராபர்ட் நோபிளின் கைக்கு வந்தது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவில்லை. சாற்றை ஊசியில் ஏற்றியபோது எலிகள் தொற்று வந்து செத்தன. காரணம் தேடினால், வெள்ளையணுக்கள் அடியோடு சரிந்திருந்தன. வெள்ளையணு கட்டுக்கடங்காமல் பெருகுவதுதான் ரத்தப் புற்றுநோய். அவரும் சார்லஸ் பியரும் அந்தச் சாற்றிலிருந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனமும் தனியாக அதே செடியைக் குடைந்துகொண்டிருந்தது. இதே செடியிலிருந்து கிடைத்த இன்னொரு மருந்தான வின்கிரிஸ்டினுக்கு 1963-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்க, டியூபுலின் என்ற புரதத்தால் மெல்லிய இழைகள் கட்டப்படும். வின்கிரிஸ்டின் அந்த இழைகளைக் கட்டவிடாது. பிரிய முடியாத செல் செத்துப்போகும். ஆனால் அதே வகை இழைகள்தான் நம் நரம்புகளுக்குள்ளும் நீளமாக ஓடுகின்றன. ஆகவே நரம்பும் அடிவாங்கும். பலனும் பாதிப்பும் வருவது ஒரே இடத்திலிருந்துதான்.

இதைக் கொடுக்கும் முறையைக் கவனித்தால் போதும், மருந்து எவ்வளவு கறாரானது என்பது புரிந்துவிடும். உடலின் பரப்பளவைக் கணக்கிட்டுத்தான் அளவு; ஆள் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் வழக்கமாக ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போகமாட்டார்கள். சிரிஞ்சில் நிரப்பாமல் சின்னப் பையில் கலந்து ஏற்றச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏனென்றால், முதுகுத்தண்டில் போட வேண்டிய வேறு மருந்தின் சிரிஞ்சோடு இது மாறிப்போனால் உயிர் தங்காது. அப்படி மாறிப்போய் உலகின் பல மருத்துவமனைகளில் நோயாளிகள் இறந்திருக்கிறார்கள். ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தாலும் சதை வெந்துவிடும். அடுத்த முறை வரும்போது மருத்துவர் கேட்கும் கேள்விகள் புதிதாகக் கேட்பவருக்கு வினோதமாக இருக்கும்: சட்டைப் பொத்தான் போட முடிகிறதா? செருப்பு காலிலிருந்து கழன்றுவிடுகிறதா? மாடிப்படி ஏறும்போது கால் தடுக்குகிறதா? மலம் கழித்து எத்தனை நாள் ஆயிற்று? நரம்பில் எங்கெங்கே அடி விழுகிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டு கேட்கிற கேள்விகள் இவை.

இவ்வளவு பாடும் எதற்கு? 1960-களின் தொடக்கத்தில் குழந்தைகளுக்கு வரும் லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய் ஏறக்குறைய மரண தண்டனை. இன்று நல்ல வசதியுள்ள மையங்களில் பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். வின்கிரிஸ்டின் தனியாகச் சாதித்ததில்லை. ஸ்டீராய்டு, அஸ்பராஜினேஸ், மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு கூட்டணியே உண்டு. ஆனால் அந்தக் கூட்டணியில் இதற்கு நிரந்தர இடம்.

சரி, செடி வாசலிலேயே இருக்கிறதே, இலையை மென்றால் என்ன? கணக்குப் போடுவோம். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டின் இலையில் அதைவிடவும் குறைவு. அப்படியென்றால் 2 மில்லிகிராம் கொண்ட ஒரு வேளைக்கே ஒரு கிலோவுக்கு மேல் காய்ந்த இலை தேவை. வாய்வழியாகப் போனால் அது ஒழுங்காக உடம்பில் சேராது. அந்த ஒரு கிலோவோடு ஆல்கலாய்டு எனப்படும் வீரியமான தாவர வேதிப்பொருள்கள் 130-க்கும் மேல் சேர்ந்து உள்ளே போகும். ரத்த அழுத்தத்தை இறக்குபவையும் அவற்றில் உண்டு. சர்க்கரைக்கென்று காலையில் இலையோ பூவோ மெல்லுகிறவர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மஞ்சள்

இதைப் பற்றிக் குறை எழுதினால் பாட்டிமார் சண்டைக்கு வருவார்கள். காயத்துக்கு மஞ்சள் பூசுவதற்கு 1995-இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை கொடுத்ததும், நம் அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். ஆட்சேபித்து 1997-இல் அதை ரத்து செய்ய வைத்ததும் நமக்கெல்லாம் பெருமைதான். அந்தப் பெருமையே மஞ்சளைக் கேள்வி கேட்க விடாமல் செய்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம்.

மஞ்சளின் முக்கியச் சத்து என்று சொல்லப்படும் குர்குமின், மஞ்சள் தூளில் சுமார் 3 சதவீதம். சோதனைக்கூடத் தட்டில் புற்றுநோய்ச் செல் மேல் குர்குமினை ஊற்றினால் செல் சாகிறது; அது உண்மை. ஆயிரக்கணக்கான கட்டுரைகள் இதைச் சொல்கின்றன. உடம்புக்குள் கதை வேறு. குடலில் பெரும்பகுதி உறிஞ்சப்படுவதே இல்லை. உறிஞ்சப்பட்டதையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியே தள்ளிவிடுகிறது. டெக்சஸில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் கணையப் புற்றுநோயாளிகளுக்குத் தினமும் 8 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். மதிப்பிட முடிந்த 21 பேரில் இருவரிடம் மட்டும் ஏதோ பலன் தென்பட்டது. அந்த 8 கிராமை மஞ்சள் தூளாகச் சாப்பிட வேண்டுமானால் நாளுக்குக் கால் கிலோவுக்கு மேல் ஆகும். பாலில் போடுகிற அரை ஸ்பூன் எங்கே, கால் கிலோ எங்கே!

2017-இல் மருத்துவ வேதியியலாளர்கள் சிலர் குர்குமின் ஆய்வுகளை மொத்தமாக எடுத்து அலசினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்திருந்தும், நோயாளிக்கும் மருத்துவருக்கும் எது மருந்து, எது வெற்றுமாத்திரை என்று தெரியாமல் நடத்தும் கறாரான சோதனை ஒன்றில்கூட அது தேறவில்லை என்று எழுதினார்கள். குர்குமின் பல சோதனை முறைகளில் பொய்யான 'வெற்றி'யைக் காட்டிவிடும் இயல்புள்ளது என்பதும் அவர்கள் சொன்னது. போதாக்குறைக்கு, இத்துறையின் மிகப் பிரபலமான ஆய்வாளரின் கட்டுரைகளில் இருபதுக்கும் மேற்பட்டவை படங்களில் குளறுபடி என்று இதழ்களால் திரும்பப் பெறப்பட்டன.

உறிஞ்சப்படாத சிக்கலுக்கு ஒரு வழி நம் பக்கத்திலிருந்தே வந்தது. 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகின் காரச்சத்து, சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் சேரும் அளவு பல மடங்கு கூடியது. '2000 சதவீதம்' என்று கேப்ஸ்யூல் டப்பாக்களில் கொட்டை எழுத்தில் போடுவது இந்த ஆய்வைத்தான். டப்பாவில் போடாத விஷயம் ஒன்று உண்டு. பைப்பரின் இதைச் செய்வது, குடலிலும் கல்லீரலிலும் வேண்டாததைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகளை முடக்கித்தான். வின்கிரிஸ்டின், பேக்லிடாக்செல் போன்ற கீமோ மருந்துகளைக் கையாள்வதும் அதே நொதிக் கூட்டம்தான். கதவைத் திறந்து வைத்தால் குர்குமின் மட்டும் வரும் என்று என்ன நிச்சயம்?

முள்சீத்தா

சுருக்கமாக முடித்துவிடலாம், ஏனென்றால் கையில் இருக்கும் ஆதாரமே சுருக்கம். 'கீமோவை விட 10,000 மடங்கு வீரியம்' என்று சுற்றும் செய்திக்கு ஒரு மூலம் இருக்கிறது. 1996-இல் வெளியான ஒரு வேதியியல் கட்டுரையில், முள்சீத்தாவின் விதையிலிருந்து பிரித்த ஒரு பொருள், தட்டில் வளர்த்த ஒரு வகைக் குடல் புற்றுநோய்ச் செல்லின் மேல் அட்ரியாமைசின் என்ற கீமோ மருந்தை விட அத்தனை மடங்கு வேலை செய்தது. விதை, இலை இல்லை. தட்டு, மனிதர் இல்லை. தட்டிலிருந்து வாட்ஸ்அப்புக்கு வரும் வழியில் இந்த இரண்டும் உதிர்ந்துவிட்டன.

வீரியமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இதிலுள்ள அனோனாசின் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவை முடக்கும் நஞ்சு. செல்லுக்குச் சக்தி நின்றுபோகும். புற்றுநோய்ச் செல்லுக்கு மட்டும் நின்றுபோகும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. கரீபியன் கடலில் உள்ள குவாதலூப் தீவில் இந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் அதிகம் சாப்பிடுகிறவர்களிடம், வழக்கமான லெவோடோபா மருந்துக்கு மசியாத ஒரு பார்க்கின்சன் வகை நோய் கூடுதலாக இருப்பதை 1999-இல் பதிவு செய்தார்கள். எலிகளுக்கு அனோனாசின் ஏற்றியபோது மூளைச் செல்கள் அழிந்தன. தீவில் நடந்ததற்கு இதுவே காரணம் என்று முழுதாக நிரூபணம் ஆகவில்லைதான். ஆனால் ஒரு கைப்பிடி இலையில் அது எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு குடித்தால் ஆபத்து என்பதை அந்தச் செய்முறையை அனுப்பியவரிடம் கேட்டுப் பாருங்கள்.

எதை எடுப்பது, எதை விடுவது

நித்தியகல்யாணியும் முள்சீத்தாவும் இரண்டுமே செல்லைக் கொல்பவை, இரண்டுமே நரம்பைத் தொடுபவை. ஆனால் முதலாவதில் எத்தனை மில்லிகிராமில் பலன், எத்தனையில் ஆபத்து, முதல் அறிகுறி விரலிலா காலிலா என்பது வரை அறுபது வருடமாக எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டாவதில் 'ஒரு கைப்பிடி'. மஞ்சளில் சிக்கல் நேரெதிர்: சமையலில் சேர்க்கிற அளவில் ஆபத்தும் இல்லை, புற்றுநோய்க்குப் பலனும் இல்லை. என் தீர்ப்பைக் கேட்டால், மருந்து என்று சொல்லத் தகுதியுள்ளது முதலாவது மட்டுமே. அதுவும் குப்பியில் இருக்கும்போது மட்டும்.

"எல்லாம் வெள்ளைக்காரன் கம்பெனி வியாபாரம், இயற்கையை ஒதுக்கி வைக்கிறார்கள்" என்ற வாதமும் வரும். ஒதுக்கவில்லை, சல்லடை போட்டுத் தேடினார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1960 தொடங்கி இருபது ஆண்டுகளில் பல்லாயிரம் தாவர வகைகளைச் சலித்தது. பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து பேக்லிடாக்செல் கிடைத்தது அதில்தான். கண்டுபிடித்த இருவரில் ஒருவர் மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வாணி. அவரும் மன்ரோ வாலும் சீன மரம் ஒன்றிலிருந்து, புற்றுநோய் மருந்துகளுக்கு மூலமான கேம்ப்டோதெசினையும் எடுத்தார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அது உள்ள மரம் ஒன்று வளர்கிறது. இவற்றில் செடி என்ற காரணத்துக்காக விலக்கப்பட்டது எதுவுமில்லை. காப்புரிமை எப்போதோ முடிந்துபோன வின்கிரிஸ்டினை இந்திய நிறுவனங்களே தயாரிக்கின்றன. இணையத்தில் விற்கும் கேப்ஸ்யூல் வியாபாரத்தின் லாபத்தை யாரும் கேட்பதில்லை என்பது தனிக்கதை.

சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று வழியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்தும் மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்தெடுத்த 281 பேரை, சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். இறக்கும் வாய்ப்பு மொத்தத்தில் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல்.

நடைமுறைக்கு வருவோம். சிகிச்சை நடக்கும்போது ரசத்திலும் சாம்பாரிலும் மஞ்சள் இருப்பதற்கு யாரும் பயப்பட வேண்டாம். முள்சீத்தாப் பழத்தை எப்போதாவது பழமாகச் சாப்பிடுவது வேறு, இலையைக் காய்ச்சித் தினமும் குடிப்பது வேறு, பின்னது வேண்டாம். நித்தியகல்யாணி வாசலில் பூக்கட்டும், வாய்க்குள் போக வேண்டாம்.

கேப்ஸ்யூல் விஷயத்தில்தான் கூடுதல் கவனம் தேவை. மஞ்சள் கேப்ஸ்யூல் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் வீக்கம் வந்ததை இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவு செய்திருக்கிறார்கள். குறிப்பிட்ட ஒரு மரபணு வகை உள்ளவர்களிடம் அது கூடுதலாகத் தெரிகிறது. வின்கிரிஸ்டினைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரல்தான். ரத்தப் பரிசோதனையில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் பிலிருபின் ஏறியிருந்தால் மருந்தின் அளவைக் குறைப்பார்கள், சில நேரம் அந்தச் சுற்றையே தள்ளிப்போடுவார்கள். ஏன் ஏறியது என்று மருத்துவர் கட்டியையும் கிருமியையும் தேடிக்கொண்டிருப்பார். கேப்ஸ்யூல் டப்பா வீட்டுச் சாமி அலமாரியில் இருக்கும். "சொன்னா திட்டுவாங்க" என்று மறைக்காதீர்கள். அடுத்த முறை போகும்போது டப்பாவையே பையில் போட்டுக்கொண்டு போய், பின்பக்கத்தில் பைப்பரின் எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருப்பதையும் சேர்த்துக் காட்டுங்கள்.