குவாலிட்டி மேட்டர்ஸ் ரூப்ரிக்: முதல் நாளே திறக்க வேண்டிய தரப்பட்டியல்

அமெரிக்காவின் குவாலிட்டி மேட்டர்ஸ் அமைப்பு உயர்கல்வியின் இணையவழிப் பாடநெறிகளை மதிப்பிட வெளியிட்ட ரூப்ரிக்கின் 7ஆம் பதிப்பில் 8 பொதுத் தரங்கள், 44 உட்தரங்கள். மூன்று பேர் கொண்ட குழு மதிப்பிடும். 85 சதவீதம் எடுத்தாலும், கட்டாயமான 3 மதிப்பெண் தரங்களில் ஒன்று தவறினால் சான்றிதழ் கிடையாது.

இதன் உயிர்நாடி ஒத்திசைவு: கற்றல் நோக்கமும் தேர்வும் பாடப்பொருளும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ‘வட்டி விகிதத்தைப் புரிந்துகொள்வார்’ என்ற கற்றல் நோக்கத்தை அளக்கவே முடியாது. ‘இரண்டு கடன்களின் மொத்த வட்டியைக் கணக்கிட்டு ஒப்பிடுவார்’ என்று திருத்தினால் தேர்வு மாறும், அதற்கான வீடியோவும் மாறும். படப்பிடிப்பு முடிந்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் எல்லாம் மறுவேலைதான். 16 வாரம் கையில் இருந்தால் முதல் நான்கை நோக்கங்களுக்கும் மதிப்பீடுகளுக்கும் மட்டுமே கொடுங்கள். கேமராவைத் தொடவே வேண்டாம்.

அடுத்து காலை வாருவது அணுகல்தன்மை, அதாவது மாற்றுத்திறனாளிகளும் பாடத்தைப் பயன்படுத்த முடிவது. தானியங்கி சப்டைட்டில் கலைச்சொற்களைக் குதறிவிடும். 10 நிமிட வீடியோவைத் திருத்த ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பை, பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் படிக்காது, எழுத்துணரி (OCR) மூலம் மாற்றியாக வேண்டும். கடைசி இரண்டு வாரம் திருத்தத்துக்கென்றே காலியாக இருக்கட்டும்.

குறை என்றால், தரங்களுக்கான விளக்கக் குறிப்புகளைப் பார்க்கச் சந்தா வேண்டும். ரூப்ரிக் பாடநெறியின் வடிவமைப்பைத்தான் அளக்கிறது, ஆசிரியர் பாடம் நடத்தும் விதத்தை அல்ல. ஆனாலும் திட்டமிட இது மிக நல்ல கருவி; தாராளமாகப் பரிந்துரைக்கிறோம்.