சில்லைக் கழற்றிக் காட்டும் கராஜ்: ஹட்டன் பக்கத்து வாகனச் சேர்விஸ் பற்றி ஒரு மதிப்பீடு

மலையகத்தில் "கார் சேர்விஸ் செய்தாயிற்று" என்று ஒருவர் சொன்னால், என்ஜின் ஒயிலும் ஃபில்டரும் மாற்றப்பட்டன, வண்டி தூக்கி நிறுத்திக் கழுவப்பட்டது, உள்ளே தூசு உறிஞ்சப்பட்டது என்பதே பெரும்பாலும் அதற்குப் பொருள். சமதரையில் ஓடும் காருக்கு இது ஓரளவு போதும். ஆனால் ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாகக் கித்துல்கலைக்கும், நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கும் அடிக்கடி இறங்கி ஏறும் காருக்கு ஒயில் மாற்றம் பாதி வேலைகூட ஆகாது. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; கண்டி ஏறத்தாழ 500 மீற்றர். இடையிலுள்ள அத்தனை இறக்கத்தையும் தாங்குபவை பிரேக்கும் டயரும்தாம். அவற்றைத் தொட்டுப் பார்க்காத எந்தச் சேர்விஸும் நம் பகுதிக்குரிய சேர்விஸ் ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

அந்த அளவுகோலை வைத்தே ஹட்டன் நகரத்துக்குச் சற்று வெளியே, டிக்கோயா செல்லும் பக்கமாக உள்ள ஒரு சிறிய கராஜைப் பற்றி எழுதுகிறேன். கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று பாஸ் (மெக்கானிக்) கேட்டுக்கொண்டார். இப்போது வரும் வண்டிகளுக்கே இடமில்லை என்பது அவர் சொன்ன காரணம். அதனால் பெயரை விட்டுவிட்டு அங்கே நடக்கும் வேலையைச் சொல்கிறேன். உங்கள் ஊரில் உள்ள கராஜ் இதே வேலையைச் செய்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் அது உதவும்.

என்னிடம் இருப்பது டொயோட்டா அக்குவா, பெற்றோல் என்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் முதல் தலைமுறை ஹைபிரிட் கார். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்கு மீண்டும் திறந்தது என்பதால், நம் வீதிகளில் ஓடும் கார்களில் பெரும்பகுதி வயதானவை. என்னுடையதும் அப்படித்தான். வயதான காருக்கு வேண்டியது பளபளப்பு அல்ல, பொறுமையாகப் பார்க்கும் ஒரு கண்.

இந்தக் கராஜில் வண்டியை விட்டதும் முதலில் நடப்பது உரையாடல். எந்தப் பாதையில் அதிகம் ஓடுகிறது, இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறதா, பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்குகிறதா, காலையில் முதல் தடவை பிரேக் பிடிக்கும்போது உரசும் சத்தம் வருகிறதா என்று பாஸ் கேட்டு, பதில்களை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்கிறார். அதன் பின்னர் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுக்கிறார். பல இடங்களில் சாவியை வாங்கிக்கொண்டு "பின்னேரம் வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். இங்கே நின்று பார்க்கலாம், கேட்கலாம்.

அடுத்தது சில்லுகள். நான்கையும் கழற்றாமல் அவர் எந்த முழுச் சேர்விஸையும் முடிப்பதில்லை. கடந்த முறை முன் இடப்பக்கச் சில்லைக் கழற்றியதும் என்னைக் கூப்பிட்டார். "டீச்சர், இங்க வந்து உள் பக்கத்தைப் பாருங்க. வெளிப்பக்க பேட்டை மட்டும் பார்த்தா இன்னும் ஒரு வருஷம் ஓடலாமுன்னு நினைப்பீங்க." வெளிப்பக்கப் பிரேக் பேட்டில் உராயும் பகுதி ஆறு மில்லிமீற்றருக்கு மேல் இருந்தது, உட்பக்கத்தது மூன்றுக்கும் குறைவாகத் தேய்ந்திருந்தது. பேட்டுகளை டிஸ்க் எனும் சுழலும் தட்டில் அழுத்தும் கலிப்பர் நகர்ந்து கொடுக்க உதவும் ஸ்லைட் பின்களில் ஒன்று, ரப்பர் உறை கிழிந்து, சேறும் துருவும் ஏறி இறுகிப்போயிருந்ததே காரணம். பின் நகராவிட்டால் உட்பக்க பேட் மட்டுமே டிஸ்க்கை அழுத்தும். ஒரே பக்கம் தேயும், சூடு கூடும். சில்லின் இடைவெளி வழியாக டோர்ச் அடித்துப் பார்ப்பவருக்கு வெளிப்பக்கம்தான் தெரியும், ஆகவே இது கண்ணில் படாது. அவர் பின்னைக் கழற்றித் துருவைத் துடைத்து, அதற்கென உள்ள கிறீஸ் பூசி, உறையை மாற்றி, இரு பக்கமும் புதிய பேட் போட்டார். பழைய பேட்டுகளைக் கையில் தந்தார். கழற்றிய பழைய பாகத்தை உரிமையாளரிடம் கொடுப்பது இங்கே வழமை. பொருள் உண்மையில் மாற்றப்பட்டதா என்ற சந்தேகத்துக்கே இடமிருக்காது.

பிரேக் ஒயில் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இறக்கத்தில் மனிதர்களைக் கைவிடுவது பல சமயம் இதுதான். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 (DOT 3) என்ற தர வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடலாம். டொட் 4 வகைக்கு இதே எல்லைகள் 230, 155. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் சூடு கலிப்பருக்குள் இறங்கி ஒயில் கொதிக்கும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். ஒயில் அமுங்காது, ஆனால் ஆவி அமுங்கும். பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. மழையும் மூடுபனியும் ஓயாத வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்தில் ஓடும் வண்டிகளுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறையேனும் இந்த ஒயிலை முழுமையாக மாற்ற வேண்டும் என்கிறார் பாஸ். பேனா வடிவிலுள்ள ஈரமானியை ஒயில் தொட்டிக்குள் தோய்த்து, எரியும் விளக்கு எந்த நிறம் என்பதை நமக்கும் காட்டுகிறார். தொட்டியில் மேலே ஊற்றி நிரப்பிவிட்டு "மாற்றியாயிற்று" என்று சொல்லும் பழக்கம் இங்கே இல்லை.

ஹைபிரிட் கார் வைத்திருப்போர் கவனிக்க வேண்டிய இன்னொரு விடயம் உண்டு. இவற்றின் பிரேக் மின்னணு முறையில் கட்டுப்படுத்தப்படுவதால், ஒயிலை வெளியேற்றிக் காற்றெடுக்கும் வேலையைப் பழைய கார்களில் செய்வதுபோல ஒருவர் பெடலை மிதிக்க மற்றவர் நட்டைத் திறக்கும் முறையில் மட்டும் முடிக்க முடியாது. காரின் கணினியோடு இணையும் ஸ்கேனர் கருவியைப் பூட்டி, அது சொல்லும் ஒழுங்கில் செய்ய வேண்டும். இந்தக் கராஜில் ஸ்கேனர் இருக்கிறது. பேட் மாற்றும்போதும், பிரேக் முறை தானாக இயங்கிவிடாதபடி, ஸ்மார்ட் சாவியைத் தூரத்தில் வைத்துவிட்டுத்தான் கலிப்பரைத் தொடுகிறார்கள். இதை அறியாத இடத்தில் ஹைபிரிட் வண்டியின் பிரேக்கைக் கழற்ற விடாதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன்.

இறக்கத்தில் எப்படி ஓட்ட வேண்டும் என்பதையும் அவர் தாமாகவே விளக்கினார். பிரேக் பிடிக்கும்போது ஹைபிரிட் கார் அந்தச் சக்தியைப் பற்றரியில் சேமிக்கிறது. அதனால் பேட் குறைவாகத் தேய்கிறது. ஆனால் நீண்ட இறக்கத்தில் பற்றரி விரைவில் நிரம்பிவிடும். நிரம்பிய பின் சேமிக்க இடமில்லாததால் சுமை முழுவதும் பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் வந்துவிடுகிறது. "இறக்கம் தொடங்கும்போதே பி-யில போடுங்க டீச்சர், பாதி வழியில நினைச்சுப் பிரயோசனமில்ல" என்றார். கியரில் B என்று குறிக்கப்பட்ட இந்த நிலையில் (நிறுத்தி வைக்கும் P அல்ல) என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். சாதாரணக் கியர் வண்டியில் எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்று லொறிச் சாரதிகள் சொல்லும் விதியும் இதே காரணத்தால் வந்ததுதான். கழுவித் துடைத்து அனுப்பும் சேர்விஸில் இந்த அறிவுரை கிடைக்காது.

டயர்களை அவர் விரலால் தடவிப் பார்க்கிறார். வளைவுகளில் ஓடும் வண்டிக்கு டயரின் ஓரங்கள் முதலில் தேயும். நடுவில் மட்டும் பார்த்து நல்ல டயர் என்று முடிவு செய்வது தவறு. தடங்களுக்கிடையே 1.6 மில்லிமீற்றர் உயரத்தில் இருக்கும் சிறு கட்டிகள் தடத்தின் மேற்பரப்போடு சமமாகிவிட்டால் அந்த டயரின் காலம் முடிந்தது. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவமழை பொழியும் பகுதிக்கு அந்த எல்லை வரைகூடக் காத்திருக்கக் கூடாது என்பது அவர் கருத்து; நானும் அதை ஏற்கிறேன். பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கங்களையும் வாசித்துக் காட்டினார்: 3219 என்றால் 2019 ஆம் ஆண்டின் 32 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. தடம் ஆழமாக இருந்தும் ரப்பர் முதிர்ந்து வெடிப்பு விட்ட டயர்களை அவர் பூட்ட மறுக்கிறார். காற்றழுத்தத்தைச் சாரதிப் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியுள்ள அளவுப்படி, டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்புகிறார். சில்லை மீண்டும் பூட்டும்போது நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கி விட்டுவிடாமல், இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ரென்ச்சால் 103 நியூட்டன் மீற்றருக்கு முடிக்கிறார். அதிகமாக இறுக்கினால் போல்ட் இழுபட்டு நாளடைவில் முறியலாம். போதாமல் இறுக்கினால் ஓட ஓட நட்டு தளரும்.

கை பிரேக் சோதனைக்குக் கராஜின் வாசலே போதும். அந்த வாசல் நல்ல செங்குத்து. வண்டியை அதில் நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, வண்டி அசைகிறதா என்று பார்க்கிறார். சில்லுக்குப் பின்னால் அடைக்கட்டை ஒன்றும் தயாராக வைக்கப்பட்டிருக்கும்.

கூலன்ட் எனும் குளிரூட்டும் திரவம், வைப்பர், விளக்குகள் ஆகியவற்றையும் பார்க்கிறார்கள். அக்குவாவில் என்ஜினுக்கு ஒன்று, பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேர்ட்டருக்கு ஒன்று என இரண்டு கூலன்ட் தொட்டிகள் உள்ளன. இரண்டாவதைப் பல கராஜ்கள் திறந்தும் பார்ப்பதில்லை. நுவரெலியா உயரத்தில் வெறும் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும் என்பதால், குழாய்த் தண்ணீரை ஊற்றி ஒப்பேற்றும் வழக்கம் நமக்கு ஒத்துவராது. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் அழுத்தம் நிற்காது. அதையும் கழற்றிப் பார்த்தார். ஹெட்லைட் ஒளி எந்த உயரத்தில் விழுகிறது என்பதைச் சுவரில் அடித்துச் சரிசெய்கிறார்கள். நானுஓயா மூடுபனியில் மேலே பாயும் வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பி வரும்.

குறைகளும் உண்டு. சில்லுகளின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட் இயந்திரம் இல்லை; டை ரொட் முனை, போல் ஜொயின்ட் போன்ற முன்சில்லு இணைப்புகளை மாற்றினால் அந்த வேலைக்கு வேறு இடம் போக வேண்டும். பாகங்கள் பல கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வர வேண்டியிருப்பதால், இரண்டு நாளில் முடியும் என்ற வேலை ஒரு வாரம் வரை இழுபடலாம்; இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் நல்லது. ஹைபிரிட் பற்றரியின் காற்று உள்ளிழுக்கும் துளையை, பின் ஆசனத்தின் பக்கத்தில் இருப்பது, நாம் கேட்ட பிறகுதான் துப்பரவு செய்தார்கள். அது பட்டியலில் தானாகவே இருக்க வேண்டிய வேலை. தூசு அடைத்தால் பற்றரி சூடாகும். பற்றுச்சீட்டில் கூலியும் பொருளும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றன, ஆனால் பொருளின் தயாரிப்புப் பெயர் எழுதப்படவில்லை. பேட் எந்த நிறுவனத்தினது என்று நான் கேட்டு எழுதி வாங்கினேன். நீங்களும் கேளுங்கள்.

கூலி மலிவு என்று சொல்ல முடியாது. ஒயில் மட்டும் மாற்றும் இடங்களோடு ஒப்பிட்டால் கூடுதல்தான். ஆயினும் நான்கு சில்லையும் கழற்றி அளந்து பூட்டும் நேரத்துக்கு அது நியாயமான தொகை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வருடந்தோறும் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க நாம் எடுக்கும் புகைப் பரிசோதனைச் சான்றிதழைக் காட்டி, "வண்டி நல்ல நிலையில் இருக்கிறது" என்று நம்புவோர் ஏராளம். 2008 இல் தொடங்கிய அந்தப் பரிசோதனை புகையை மட்டுமே அளக்கிறது. பிரேக்கையும் டயரையும் அது பார்ப்பதில்லை. 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் ஏழு பேரையும், 2025 மே மாதத்தில் கொத்மலை கரண்டிஎல்லயில் பஸ் பள்ளத்தில் பாய்ந்து இருபதுக்கும் மேற்பட்டோரையும் இழந்த மக்கள் நாம். அந்த விபத்துகளின் காரணங்களை இங்கே ஆராயவில்லை. நம் வீதிகளில் தவறுக்கு இடமே இல்லை என்பதை மட்டும் அவை போதுமான அளவு சொல்லிவிட்டன. சொந்தக் காரின் பிரேக்கை யாரும் வந்து பரிசோதிக்கப் போவதில்லை. உரிமையாளர்தான் கேட்டுச் செய்விக்க வேண்டும்.

போக விரும்புவோர் முன்கூட்டியே பேசி நாள் குறித்துக்கொள்வது நல்லது. சனிக்கிழமைகளில் முச்சக்கர வண்டிகளும் வான்களும் வாசல் வரை நிற்கும். வார நாளில் காலையில் போனால் பாஸ் நின்று விளக்கிச் சொல்ல நேரம் இருக்கும். டிசம்பர் பௌர்ணமியோடு சிவனொளிபாத மலைப் பருவம் தொடங்கி மஸ்கெலியா, நல்லதண்ணிப் பாதையில் வாகனங்கள் பெருகினால், மே வரை இங்கே இடம் கிடைப்பது கடினம். பிரேக் ஒயில் மாற்ற வேண்டியவர்கள் நவம்பருக்குள் போய்விடுங்கள். ஸ்கேனர் வேலைக்கு அரை நாளாவது ஒதுக்க வேண்டும் என்பதால் அதை நாள் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள்.