ஏழு மாதம் பச்சை விளக்கு, உள்ளே செத்த சென்சார்

எங்கள் பாய்லர் அறையில் ஆறு மீத்தேன் டிடெக்டர்கள், கழிவுநீர்த் தொட்டிப் பக்கம் இரண்டு ஹைட்ரஜன் சல்பைடு டிடெக்டர்கள். ஏழு மாதமாக கண்ட்ரோல் பேனலில் எட்டு சேனலும் பச்சை விளக்கோடு பூஜ்யத்தில் நின்றன. ஒரு ஃபால்ட் கூட வரவில்லை. டிடெக்டர் பொருத்தி காலிபரேஷன் (சரியான அளவு காட்டும்படி திருத்துவது) செய்யும் வேலையை நல்ல ஆளிடம்தான் கொடுத்திருக்கிறோம் என்று ஷிஃப்டில் நானே நாலு பேரிடம் பெருமையடித்தேன்.

போன மாதம் டிடெக்டரைச் சோதிக்க, அளவு தெரிந்த கேஸ் அடைத்த காலிபரேஷன் சிலிண்டர் ஒன்றை எங்களுக்கென்று வாங்கினோம். காற்றில் 2.5 சதவீதம் மீத்தேன் கலந்தது. மீத்தேனின் கீழ் வெடிப்பு எல்லையை (எல்.இ.எல்.; காற்றில் இதற்குக் குறைவாக இருந்தால் வெடிக்காது) 5 சதவீதம் என்று வைத்தால், டிடெக்டர் அதில் பாதி, அதாவது 50 சதவீத எல்.இ.எல். காட்ட வேண்டும். அந்த எல்லையை 4.4 என்று எடுக்கும் தரநிலையும் உண்டு. அந்தக் கணக்கில் இதே சிலிண்டர் 57 காட்டும். உங்களுடையது எந்தக் கணக்கு என்று எழுதி வாங்கி வையுங்கள்; அந்த ஆள் எங்களுக்குக் கொடுத்த காலிபரேஷன் சர்டிஃபிகேட்டில் அது இல்லை.

அலாரம் வந்தாலும் பேனல் எதையும் நிறுத்தாதபடி இன்ஹிபிட்டில் போட்டுவிட்டு (இல்லையென்றால் கேஸ் வால்வு மூடி பாய்லர் நின்றுவிடும்) முதல் டிடெக்டரில் கப்பை மாட்டி கேஸைத் திறந்தேன். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம். பூஜ்யம். சிலிண்டர்தான் கோளாறோ என்று கையில் எடுத்துப்போகும் மீட்டரில் அதே கேஸைக் காட்டினேன். அது ஐம்பதைத் தொட்டு அலறியது. ஆறில் மூன்று கடைசிவரை அசையவே இல்லை. இன்னும் இரண்டு டிடெக்டர்கள் 11-லும் 14-லும் தள்ளாடின. ஒன்று மட்டும் 46 வரை வந்தது.

அப்படியானால் ஏன் ஃபால்ட் வரவில்லை? இவை பெல்லிஸ்டர் வகை. உள்ளே சூடான ஒரு சின்ன மணி இருக்கும். அதன் மேல் பூசிய வினையூக்கியில் கேஸ் எரிந்து, மணி இன்னும் சூடாகி, கம்பியின் மின்தடை மாறும். அதைத்தான் கருவி அளக்கிறது. வினையூக்கி செத்துப்போனாலும் கம்பி அறுந்திருக்காது. சென்சார் சொல்வதை மின்னோட்டமாகப் பேனலுக்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் பாவம், எல்லாம் நலம் என்று நம்பி பூஜ்யத்துக்குரிய 4 மில்லியாம்ப் (முழு வீச்சுக்கு 20) அனுப்பிக்கொண்டே இருக்கும். கேஸே இல்லாத அறையும், செத்த சென்சாரும் பேனலுக்கு ஒரே மாதிரிதான் தெரியும்.

சரி, ஏன் செத்தது? முதல் டிடெக்டரைக் கழற்ற ஏணியில் ஏறியபோதுதான் கண்ணில் பட்டது. கேபிள் உள்ளே நுழையும் கிளாண்டைச் சுற்றி வெள்ளையாக, விரலால் தேய்த்த தடத்தோடு, சிலிக்கோன் சீலன்ட். சென்சார் ஹெட்டிலிருந்து ஒரு சாண் தூரம் கூட இல்லை. பெல்லிஸ்டருக்கு சிலிக்கோன் ஆவி விஷம் என்பது அந்தக் கருவியோடு வந்த கையேட்டிலேயே இருக்கிறது. அசையாத மூன்றிலும் அதே வெள்ளைப் பூச்சு. 46 காட்டிய ஒன்றில் மட்டும் பூச்சு இல்லை. அன்றைக்கு டியூப் தீர்ந்துபோயிருக்கும்.

வேலையை முடித்து அவர்கள் ஒப்படைத்த நாளை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. வந்தவர் பையிலிருந்து சிகரெட் லைட்டரை எடுத்தார். பற்ற வைக்காமல் கேஸை மட்டும் சென்சாரில் ஊதினார். பேனல் கத்தியது. "பாத்தீங்களா சார், சூப்பரா வேலை செய்யுது" என்றார். நானும் கையெழுத்துப் போட்டேன். லைட்டரில் இருப்பது பியூட்டேன். எவ்வளவு ஊதினார் என்று அவருக்கே தெரியாது. சென்சார் உயிரோடு இருக்கிறது என்பதைத் தவிர அந்தச் சோதனை எதையும் சொல்லாது. அளக்கும் வீச்சுக்கு மேல் கேஸ் போனால் மணி கெடவும் செய்யும்.

தொட்டிப் பக்கத்து இரண்டையும் அவர் தொடவே இல்லை. "அது ஃபேக்டரியிலேயே செட் பண்ணி வந்தது சார்." அதையும் இப்போது 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு) கேஸ் வைத்துப் பார்த்தோம். டிரான்ஸ்மிட்டரின் சின்னத் திரையில் சரியாக 25. பேனலிலோ 12.5. டிரான்ஸ்மிட்டரின் வீச்சு 0–100, பேனலில் 0–50 என்று போட்டிருக்கிறார்கள். 25 பிபிஎம்முக்கு 8 மில்லியாம்ப் போகிறது. பேனல் அதைத் தன் கணக்கில் 12.5 என்று படிக்கிறது. அலாரம் 10-ல் வைத்திருந்தோம். அதாவது தொட்டியருகே 20 பிபிஎம் ஆகும்வரை பேனல் வாயைத் திறக்காது. ஹைட்ரஜன் சல்பைடு அளவு ஏறினால் மூக்கும் மரத்துவிடும், அழுகிய முட்டை வாசனை வருமே என்று நம்பவும் முடியாது. எனக்கு இரண்டு நாள் தூக்கம் போனது இந்த 12.5-ஆல்தான்.

அப்புறம்தான் சர்டிஃபிகேட்டை ஒழுங்காகப் படித்தேன். ஆறு டிடெக்டருக்கும் கொடுத்த கேஸ் 50, காட்டியது 50.0. ஆறிலும் ஒரு புள்ளி கூட மாறவில்லை. சிலிண்டரின் பேட்ச் நம்பர், காலாவதித் தேதி இரண்டும் காலி. இரண்டு தாள்களில் இருக்கும் சீரியல் நம்பர் எங்கள் சென்சார் எதிலுமே இல்லை. ஆறையும் முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போனவர் அவர். ஒழுங்காகச் செய்தால், சென்சார் சூடாகி நிலைப்பதற்குக் காத்திருந்து, சுத்தமான காற்றில் பூஜ்யம் வைத்து, கேஸ் கொடுத்து எண் நிலைக்கும்வரை நின்று, மறுபடி காற்றுக்குத் திரும்பியதா என்று பார்ப்பதற்குள் ஒன்றுக்கே நேரம் பிடிக்கும். இப்படியொரு வேலைக்கு ஆளை அழைத்தால் உங்கள் சிலிண்டரைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே நில்லுங்கள். டிரான்ஸ்மிட்டர் திரை, மல்டிமீட்டர், பேனல் மூன்றும் ஒரே கணக்கைச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அவருடைய கம்பெனிக்கு ஃபோன் செய்தேன். முதலில் "உங்க பிளான்ட்ல தூசி ஜாஸ்தி" என்றார்கள். சீலன்ட் படத்தை அனுப்பினேன். மூன்று நாள் சத்தமே இல்லை. பிறகு மெயில் வந்தது: சென்சாருக்கு விஷம் ஏறினால் வாரண்டி கிடையாதாம். விஷத்தைப் பூசியதே உங்கள் ஆள்தானே என்று கேட்டதற்கு இதுவரை பதில் இல்லை. வீச்சை மட்டும் நாங்களே பேனலில் மாற்றிவிட்டோம். பாய்லர் அறைக்குள் இப்போது யாரும் கையில் மீட்டர் இல்லாமல் போவதில்லை.

நேற்று அவர்களிடமிருந்து ஆறு புது சென்சாருக்குக் கொட்டேஷன் வந்திருக்கிறது. கடைசி வரியில், காலிபரேஷன் சர்டிஃபிகேட் இலவசம் என்று போட்டிருக்கிறார்கள்.