ஊர்ல மனை வாங்கப் போற சிங்கப்பூர்க்காரங்களே, 28,500 வெள்ளி போச்சு எனக்கு

நேத்து ராத்திரி முழுக்க தூங்கல, கை இன்னும் நடுங்குது, எழுத்துல தப்பு இருந்தா மன்னிச்சிக்குங்க. கம்பெனி பேரு போட மாட்டேன், போட்டா என்மேலயே கேஸ் போடுவோம்னு மிரட்டியாச்சு. ஊர்ல மனை பிரிச்சு விக்கிறவங்க சிராங்கூன் ரோடு பக்கம் ஹோட்டல்ல ஹால் எடுத்து ஞாயித்துக்கிழமை கண்காட்சி போடுவாங்கல்ல, அந்த வகை. கடைசில உங்களுக்கு அஞ்சு டிப்ஸ் சொல்றேன்.

போன ஆகஸ்ட்ல அம்மாவ வீல்சேர்ல தள்ளிக்கிட்டு போனேன். அங்க விக்க நின்ன கம்பெனிப் பையன் "அக்கா எந்த ஊரு"ன்னான், லால்குடி பக்கம்னேன், "அட நம்ம பக்கம்"னு குனிஞ்சு அம்மா காலத் தொட்டான். அம்மாவோட செருப்பு ஒண்ணு கழண்டு கிடந்துச்சு, அத எடுத்து தூசி தட்டி மாட்டிவிட்டான். அந்தச் செருப்புலதான் நான் விழுந்தேன்.

1,200 சதுர அடி, டிடிசிபி (தமிழ்நாடு நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவல், முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், எல்லாம் சேத்து 28,500 வெள்ளி. பாதி நான் 55 வயசுல சிபிஎஃப்ல, அதான் இங்கத்த சேமநிதில, எடுத்தது, பாதி வீட்டுக்காரர் ஓவர்டைம் பாத்து சேத்தது. "பக்கத்துல ரெண்டு ஏக்கர் தோப்பும் இருக்குக்கா"ன்னான், ஓசிஐ, அதான் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்குன இந்திய வம்சாவளிக்காரங்களுக்குக் குடுக்குற அட்டை, அது வச்சிருக்கவங்க விவசாய நிலம் வாங்க முடியாதேப்பான்னேன், "அதெல்லாம் பாத்துக்கலாம்"னான். அப்பவே எந்திரிச்சு வந்திருக்கணும்.

எனக்கு லீவு இல்ல, அதனால பவர் (எனக்குப் பதிலா கையெழுத்துப் போட அதிகாரம் குடுக்குற பத்திரம்) குடுங்க போதும்னு சொல்லி அவங்க ஆபீஸ் ஆளு பேர்லயே எழுத வச்சான். சைனாடவுன்ல நோட்டரி முன்னாடி கையெழுத்துப் போட்டு, அப்போஸ்டில் (வெளிநாட்டுல செல்லும்கிற அரசாங்கச் சான்று) வாங்கி, கூரியர்ல அனுப்பி, செப்டம்பர்லயே போய்ச் சேந்துருச்சு. வெளிநாட்டுல எழுதுன பவர் இந்தியாவுக்கு வந்த 3 மாசத்துக்குள்ள அங்க முத்திரைத் தீர்வை கட்டணுமாம். யாரு சொன்னா எனக்கு? பவர் அவங்க ட்ராயர்லயே கிடந்திருக்கு.

அக்டோபர் 10 ராத்திரி வாட்ஸ்அப்ல பத்திரத்தோட ஃபோட்டோ வருது. முத்திரைத்தாள்ல என் பேரு, அப்பா பேரு, மனை நம்பர், விக்கிறவர் கையெழுத்து எல்லாம் கரெக்டா இருக்கு. "வாழ்த்துக்கள்க்கா, பத்திரம் முடிஞ்சது." நான் கேசரி கிண்டி பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவுக்குக் கூட குடுத்தேன். முடிஞ்சது கையெழுத்து மட்டும்தான். பதிவு நம்பரும் இல்ல, சார்பதிவாளர் சீலும் இல்ல, அதையெல்லாம் பாக்கத் தெரியல எனக்கு. பதிவாகாத கிரயப் பத்திரத்த வச்சு மனை நமக்குச் சொந்தமாகாது.

ஒரிஜினல் எங்கப்பான்னு கேட்டா சர்வர் டவுன்க்காங்கறான். அப்புறம் மார்கழி, பத்திரம் வாங்க வேண்டாம், தை பொறக்கட்டும்னான். தை பொறந்துச்சு, பதிவு ஆபீஸ்ல டோக்கன் கிடைக்கலன்னான். அதுக்கப்புறம் வெறும் புளூ டிக். இங்கத்த நம்பர் கட்.

கையெழுத்துப் போட்ட தேதிலேருந்து 4 மாசத்துக்குள்ள பதிவுக்குக் குடுத்துரணும், 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் அது. விட்டுட்டா இன்னொரு 4 மாசம், தக்க காரணம் காட்டணும், பதிவுக் கட்டணத்துல 10 மடங்கு வரைக்கும் அபராதம். எனக்கு பிப்ரவரி 10லயே முதல் கெடு போச்சு, ஜூன் 10ல அதுவும் போச்சு. இதெல்லாம் தெரிஞ்சதே போன வாரம் அண்ணன் பையன் திருச்சியில வில்லங்கம் (மனை யார் யார் பேர்ல பதிவாகியிருக்குன்னு காட்டுற சான்று) போட்டுப் பாத்தப்பதான். அதே மனை மார்ச்ல வேற ஒருத்தர் பேர்ல பதிவாகியிருக்கு!

கம்பெனிக்கு ஃபோன் போட்டா இப்ப நான் அக்கா இல்ல, மேடம். "காலக்கெடு முடிஞ்சிருச்சு மேடம், நீங்க நேர்ல வந்திருக்கணும், 30 சதவீதம் பிடிச்சிட்டு மீதி ப்ராசஸ்ல இருக்கு." பவர் வாங்குனது நீங்க, தாமதம் என்னோடதா? 28,500 வெள்ளிடா! ஸ்மால் கிளெய்ம்ஸ், அதான் இங்க சின்னத் தொகை வழக்குக்கான மன்றம், அங்க போகலாம்னு விசாரிச்சா நிலம் வித்த கேஸெல்லாம் அங்க எடுக்க மாட்டாங்களாம். போலீஸ் ரிப்போர்ட் போட்டிருக்கேன், ஊர்ல வக்கீல் பாக்கணும், அதுக்கும் காசு.

அஞ்சு டிப்ஸ்னு சொன்னேன், மண்டை ஓடல. பவர் குடுத்தா சொந்தக்காரங்க பேர்ல குடுங்க, விக்கிறவன் ஆளுக்குக் குடுக்காதீங்க. கையெழுத்தான தேதிய காலண்டர்ல எழுதி 4 மாசம் எண்ணுங்க. தமிழ்நாடு பதிவுத்துறை வெப்சைட்ல வில்லங்கம் சும்மாவே பாக்கலாம், ஃபோன்லயே, நான் உட்லண்ட்ஸ்ல உக்காந்தே பாத்திருக்கலாம். இங்க வந்து விக்கிற ஏஜெண்டு பேரு சிஇஏ (சிங்கப்பூர்ல சொத்து ஏஜெண்டுகள முறைப்படுத்துற அமைப்பு) பதிவேட்டுல இருக்கான்னும் பாருங்க.

இத டைப் பண்ணிக்கிட்டு இருக்கும்போதே அவன் வேற நம்பர்ல ஸ்டேட்டஸ் போட்டிருக்கான்னு தங்கச்சி ஸ்கிரீன்ஷாட் அனுப்புறா. வர்ற ஞாயித்துக்கிழமை, அதே ஹோட்டல், அதே ஹால், காலையில 10 மணி.